வால்பாறைக்கு ஒரு சி.டி.ஐ. பெட்டி

நவம்பர் 4, திங்கள்

என் மகன் தரணிதரன் இறந்துவிட்டான். டெங்கு. வயது முப்பத்திரண்டு. காரியமெல்லாம் நேற்றோடு முடிந்தது. இன்று கடை திறந்தேன்.

கடை உக்கடத்தில். டூ-வீலர் சாமான். பழைய வண்டிகளை எடைக்கு வாங்கிப் பிரித்து விற்று ஆரம்பித்தவன் நான். இப்போது புதுச் சாமானும் விற்கிறேன். இன்று இரண்டு செயின் செட்டும் ஒரு கிளட்ச் கேபிளும் போயின. ஒருத்தர் துக்கம் விசாரித்துக்கொண்டே பிரேக் ஷூ விலை கேட்டார். சொன்னேன். இருபது ரூபாய் குறைக்கச் சொன்னார். குறைக்கவில்லை.

தூக்கம் வரவில்லை என்றதற்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மனசில் இருப்பதை எழுதிப் பாருங்கள் என்றும் சொன்னார். ஆயில் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. மனசில் ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நவம்பர் 6, புதன்

குனியமுத்தூர் வீட்டில் இப்போது மூன்று பேர். நான், மருமகள் வினோலியா, நாலு வயதுப் பேத்தி ஜோவிதா. என் சம்சாரம் போய்ப் பத்து வருடம் ஆகிறது.

வினோலியாவும் நானும் நேராகப் பேசிக்கொண்டதே இல்லை. சண்டை எதுவும் இல்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான். "மாமா சாப்பிட்டாச்சான்னு கேளுங்க" என்று தரணியிடம் சொல்வாள். "ஆச்சுன்னு சொல்லு" என்று நான் தரணியிடம் சொல்வேன். மூன்று பேரும் ஒரே ரூமில்தான் இருப்போம். அவன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டுவான்.

இன்று அவள் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லம்மிணி."

"எங்க ஊர்ல எஸ்டேட் ஆஸ்பத்திரில பார்மசிஸ்ட் வேலை கிடைச்சிருக்கு. டிசம்பர் ரெண்டாந்தேதி சேரணும். ஜோவிய எங்கம்மா பாத்துக்குவாங்க."

அவள் ஊர் வால்பாறை. நான் சாம்பார் ஊற்றிக்கொண்டேன்.

"எஸ்டேட்ல மூணு டிவிஷனுக்கும் நான்தான் மருந்து கொண்டுபோய்க் குடுக்கணுமாம். பஸ் கிடையாது. வண்டி இருந்தாத்தான் வேலைன்னு சொல்லிட்டாங்க. அவர் வண்டிய ஓட வெச்சுக் குடுங்க மாமா."

"பாக்கலாம்" என்றேன்.

அவளுக்கு ஓட்டத் தெரியும். தரணி பழக்கிவிட்டது. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. நான் எடைக்குப் போட ஓரமாக நிறுத்தியிருந்ததை, காலேஜ் படிக்கும்போது என்னிடம் சண்டை போட்டுத் தள்ளிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் அது ஸ்டார்ட் ஆகவில்லை. "வந்து பாத்துக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினான்.

நவம்பர் 7, வியாழன்

பார்த்தேன். பிளக் மாற்றினேன், பொறி இல்லை. எச்.டி. காயில் மாற்றினேன், இல்லை. மேக்னெட் காயில்களை மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக இருக்கின்றன. சி.டி.ஐ. பெட்டிதான் போயிருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. இன்ஜின் சுற்றும்போது மேக்னெட்டில் வரும் கரண்ட்டைக் கண்டென்சரில் தேக்கி வைத்து, சரியான நேரத்தில் ஒரே அடியாக எச்.டி. காயிலுக்கு விடும். அந்த அடியில்தான் பிளக்கில் பொறி வரும்.

இந்த வண்டிக்கு ஒரிஜினல் பெட்டி இப்போது வருவதில்லை.

"கடைலதான் அடுக்கி வெச்சிருக்கீங்களே மாமா, அதுல ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றாள் வினோலியா.

"அது டூப்ளிகேட்டு. தாங்காது."

"நீங்க விக்கிறதுதானே?"

"அது விக்கிறதுக்கு அம்மிணி. மாட்டறதுக்கு இல்ல."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. எல்லாக் கடையிலும் இருப்பதுபோல என் கடையிலும் போர்டு இருக்கிறது: எலக்ட்ரிக்கல் சாமானுக்குக் கேரண்டி கிடையாது, திரும்ப வாங்கப்பட மாட்டாது. விற்ற பெட்டிகள் செத்துத் திரும்பி வரும்போது உடைத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஐந்தாறு சாமான்தான். மீதி எடை காட்ட அடைத்த மண்.

நானே செய்கிறேன் என்றேன்.

நவம்பர் 9, சனி

காந்திபுரத்தில் ரவூஃப் பாய் கடைக்குப் போனேன். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிறார். எனக்கு இருபது வருடப் பழக்கம்.

"என்னுங் மொதலாளி, அடுத்தவன் செஞ்சத வித்தது பத்தாதுன்னு நீங்களே செய்யக் கெளம்பிட்டீங்களா?"

"வண்டி நம்முளுது பாய்."

அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை. பேப்பரில் படம் போட்டுக் கொடுத்தார். ஷோகேஸ் கண்ணாடிமேல் சாமான்களை ஒவ்வொன்றாக வைத்தார். முதலில் கண்டென்சர், இரண்டு.

"இது நானூறு வோல்ட்டுங். மேக்னெட்டுல இருந்து முந்நூறு வரும், ஆக்சிலேட்டர முறுக்குனா அதுக்கு மேலயும் ஏறும். இதப் போட்டா இன்னைக்கு ஓடும். இது அறுநூத்தி முப்பது. இது ஓடிக்கிட்டே இருக்கும். எது வேணும்?"

"ரெண்டுலயும் ஒண்ணொண்ணு போடுங்க."

"ரெண்டு வண்டிங்களா?"

"ஒரு வண்டிதான்."

எந்தச் சாமானும் நான் இரண்டு ரகமாகத்தான் வாங்குவேன். காட்டுவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று. தொழில் பழக்கம்.

அடுத்தது எஸ்.சி.ஆர். மூன்று கால் சாமான். கண்டென்சருக்கு அதுதான் கதவு. மேக்னெட்டோடு இருக்கும் பல்சர் காயில் சரியான நேரத்தில் தட்டினால் திறக்கும். அதிலும் இரண்டு ரகம் எடுத்தேன். டயோடு எல்லாவற்றுக்கும் ஒரே ரகம்தானாம். கடைசியாக ஒரு சின்ன ரெசிஸ்டரை எடுத்துத் தனியாகக் காட்டினார்.

"இத மட்டும் மறந்தறாதீங். எஸ்.சி.ஆரோட தட்டற காலுக்கும் பக்கத்துக் காலுக்கும் குறுக்கால போடோணும். இல்லீன்னா சூடானதும் கதவு தானாத் தொறந்துக்கும். வண்டி நடு ரோட்டுல நின்னு போயிரும்."

"மறக்க மாட்டேன்" என்றேன்.

வரும்போது ஜோவிக்கு டைபாய்டு ஊசி போட்ட சீட்டு எங்கே என்று வினோலியா போனில் கேட்டாள். தரணியிடம்தான் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்துவிட்டது.

நவம்பர் 11, திங்கள்

மழை. கடை. எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 14, வியாழன்

இன்று பெட்டி செய்தேன். நானூறு வோல்ட் கண்டென்சர், சின்ன எஸ்.சி.ஆர். முதல் பெட்டி, சோதனைக்கு இது போதும் என்று வைத்தேன். ஈயம் வைத்து ஒட்டினேன். முடித்த கையோடு, இரண்டு டியூப்பில் வரும் பசையைக் கலந்து ஊற்றி அடைத்துவிட்டேன். கடைக்கு வரும் பெட்டியெல்லாம் அடைத்துத்தான் வருகிறது.

மேசையில் ஒரு ரெசிஸ்டர் மிச்சம் இருந்தது. டப்பாவில் போட்டு வைத்தேன்.

மாலையில் மாட்டினேன். மூன்றாவது மிதியில் பிடித்துக்கொண்டது. ஜோவி கை தட்டினாள். வினோலியா மாவுக் கையோடு வாசலுக்கு வந்து, அந்தப் புகையை மூச்சு இழுத்துக்கொண்டு நின்றாள். தரணி சட்டையெல்லாம் எப்போதும் அந்த வாசம்தான் அடிக்கும். அவள் துவைத்தாலும் போகாது என்பாள்.

நான் உள்ளே போய்த் தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்தேன். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

நவம்பர் 16, சனி

வினோலியா வண்டியை எடுத்துக்கொண்டு கோவைப்புதூர் வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். போகட்டும் என்று விட்டேன். ஜோவியும் நானும் டிவி பார்த்தோம். மழை பிடித்துக்கொண்டது. இருட்டுகிற நேரத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சூடானதும் நின்னுடுச்சு மாமா. ஆறினதும் ஸ்டார்ட் ஆச்சு. ஏத்தத்துல மறுபடி நின்னுடுச்சு."

"செரி. தலையத் தொடச்சுக்கோ அம்மிணி."

அவள் அசையவில்லை. தரையெல்லாம் தண்ணீர்.

"நான் போறது உங்களுக்கு வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க மாமா. சண்டை போட மாட்டேன். லோன் போட்டு ஒரு ஸ்கூட்டி எடுத்துக்கறேன். இல்ல, போகவே இல்லைன்னாலும் சரி, உக்காந்து பேசலாம். ஆனா சொல்லிடுங்க. கொண்டை ஊசி வளைவுல பின்னாடி பஸ்ஸு வரும்போது, ஜோவிய முன்னாடி உக்கார வெச்சுட்டு, இது இப்படி நின்னா நான் என்ன பண்றது?"

நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நான் இரண்டு தோசை சாப்பிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

பெட்டியைச் சுத்தியலால் உடைத்தேன். பசை கல்லாக இறுகியிருந்தது. காலை முழுக்க ஆனது. உள்ளே எல்லாம் நான் வைத்த இடத்திலேயே இருந்தன. நான் வைக்காத ரெசிஸ்டர் மட்டும் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

ரவூஃப் பாய் கடை.

"மொதலாளி, அன்னைக்கே ரெசிஸ்டர் குடுத்தனே."

"குடுத்தீங்க."

"போட்டீங்களா?"

"இந்தத் தடவ போடறேன்."

பாய் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "டீ சொல்லட்டுங்களா?" என்றார். குடித்தோம். அவருக்கும் ஒரு மகன். துபாயில் இருக்கிறான். போன வருடம் அவனுக்கு விசா வந்தபோது பாஸ்போர்ட்டை எங்கே வைத்தோம் என்று பாய்க்கு மறந்துவிட்டதாம். வீட்டையே தலைகீழாகப் புரட்டினார்களாம். கடைசியில் அவர் தலையணை உறைக்குள் இருந்ததாம். "எப்படிப் போச்சுன்னே தெரீலீங்" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

அறுநூற்று முப்பது வோல்ட் கண்டென்சர். எண்ணூறு வோல்ட் எஸ்.சி.ஆர். சூட்டுக்கு உருகாத சிலிக்கான் வயர். ரெசிஸ்டர். முன்பு வாங்கியதில் மிச்சம் இருப்பதோடு சேர்த்து எல்லாம் இரண்டு இரண்டு ஆகிற மாதிரி எடுத்தேன். இந்தத் தடவை ஒரே ரகம்.

நவம்பர் 20, புதன்

புதுப் பெட்டி செய்தேன். அடைக்கவில்லை, திறந்தே மாட்டி மிதித்தேன். பிடித்தது. நிறுத்திவிட்டு வயரைச் சரி செய்யக் கை வைத்தேன். கண்டென்சர் அடித்துவிட்டது. வண்டி நின்றாலும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும். தோள் வரைக்கும் உதறிப் போட்டது.

ஜோவி பக்கத்தில் நின்றாள். தாத்தாவை அவள் அப்பாரு என்றுதான் கூப்பிடுவாள். "அப்பாரு, அழுவறியா?"

"கரண்ட் அடிச்சுப்போச்சு கண்ணு."

பாய்க்குப் போன் போட்டேன். கரண்ட்டை மெல்ல வடிக்கக் கண்டென்சருக்குக் குறுக்கே இன்னொரு பெரிய ரெசிஸ்டர் போடச் சொன்னார். கண்டென்சர் அடித்தால் கண்ணில் தண்ணீர் வருமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் வராதுங்" என்றார்.

நவம்பர் 22, வெள்ளி

சூட்டில் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இட்லிக் குண்டாவில் தண்ணீர் காய வைத்து அடுப்பிலிருந்து இறக்கி, வண்டிப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். பெட்டியை ஒரு டிபன் டப்பாவில் போட்டு அந்தச் சுடுதண்ணீருக்குள் இறக்கி, வயரை மட்டும் வெளியே விட்டு வண்டியை ஓடவிட்டேன். ஆற ஆற வினோலியா உள்ளேயிருந்து சுடுதண்ணீர் கொண்டுவந்து மாற்றினாள். எதிர்வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங், வண்டிக்கு இட்லி சுடறீங்களா?"

"ஆமாங்க்கா, சட்னிதான் இல்ல" என்றாள் வினோலியா.

வண்டி நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பெட்ரோல் தீர்ந்த பிறகுதான் நின்றது. இரவு உப்புமா. குண்டாவில் பெட்ரோல் வாசம், இனிமேல் அதில் இட்லி முடியாது என்றாள்.

நவம்பர் 24, ஞாயிறு

மலையில் பார்க்காமல் அடைக்கக் கூடாது என்றேன். மூன்று பேரும் கிளம்பினோம். வினோலியா ஓட்டினாள். ஜோவி டேங்க்மேல். நான் பின்னால். மருமகளுக்குப் பின்னால் உட்கார்ந்து போவதை உக்கடத்தில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று பொள்ளாச்சி வரை யோசித்தேன். அப்புறம் மறந்துவிட்டது.

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி ஏற்றம். வளைவுகளை ஜோவி எண்ணிக்கொண்டே வந்தாள், ஐந்தை இரண்டு தடவை எண்ணினாள். ஒன்பதாவது வளைவில் நிறுத்தினாள் வினோலியா. கீழே அணை. பனி போய்க்கொண்டிருந்தது.

"அவர் ஒவ்வொரு தடவையும் இங்க நிறுத்துவாரு மாமா. வண்டிக்கு மூச்சு வாங்குதும்பாரு."

"இந்த வண்டிக்கா? அதெல்லாம் வாங்காது."

"வண்டிக்கில்ல. அவருக்கு. வாந்தி. மலை ஏறினாலே தலை சுத்தும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு."

எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருடம் கூட இருந்தவன். சின்ன வயதில் பழனிக்கும் ஊட்டிக்கும் கூட்டிப்போயிருக்கிறேன். வழியெல்லாம் தூங்குவான் என்றுதான் நினைத்திருந்தேன்.

"எந்த எடத்துல?" என்று கேட்டேன்.

தடுப்புச் சுவரில் ஒரு மூலையைக் காட்டினாள். போய் நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. சுவர்.

திரும்பி வந்து இன்ஜினைத் தொட்டேன். கை வைக்க முடியாத சூடு. "மிதி அம்மிணி" என்றேன். ஒரே மிதி.

நவம்பர் 27, புதன்

ஸ்பேருக்கு இன்னொரு பெட்டியும் செய்தேன். இரண்டு பெட்டிகளையும் பசை ஊற்றி அடைத்தேன். இரண்டிலும் எல்லாம் இருக்கிறது. டப்பாவில் மிச்சம் எதுவும் இல்லை. திறந்து பார்த்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் போனார்கள். வினோலியாவின் அண்ணன் டெம்போ கொண்டுவந்து சாமான்களை ஏற்றினான். ஜோவி டெம்போவில். வண்டியை வினோலியா ஓட்டிக்கொண்டு போவதாகத் தீர்மானம். பெட்டியை மாட்டி முடித்துக் கையைத் துடைத்தேன்.

"எவ்வளவு மாமா?"

"என்ன எவ்வளவு?"

"பெட்டிக்கு."

"அட, போம்மிணி."

"சும்மா குடுத்தா எடுத்துக்க மாட்டேன். நாளைக்கு ரிப்பேர்னா எந்த முகத்தோட வந்து கேக்கறது? வியாபாரிதானே, வெல சொல்லுங்க."

அதுவும் சரிதான்.

"முந்நூறு."

"அநியாயம். ரவூஃப் பாய்க்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். ஒரு பெட்டிக்குச் சாமான் இருநூத்தி நாப்பதுதான்."

"அப்ப கூலி?"

"கோவைப்புதூர் ஏத்தத்துல நான் தள்ளினேனே, அதுல கழிஞ்சு போச்சு."

அவள் பர்ஸைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"கேரண்டி?"

"எலக்ட்ரிக்கலுக்குக் கேரண்டி இல்ல. போர்டே இருக்குது."

"அப்ப வேண்டாம்."

"செரி, தர்றேன். மாசம் ஒருக்கா வண்டியக் கொண்டுவந்து காட்டோணும்."

"மாசமா? நாப்பது வளைவு மாமா. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா."

"செரி. ஸ்பேர் பெட்டி எங்கிட்டத்தான் இருக்கும்."

"அது எதுக்கு உங்ககிட்ட? நான்தானே மலைல இருக்கேன்."

"அங்க மழை ஜாஸ்தி. கெட்டுப் போயிரும்."

"பசை ஊத்தி அடைச்சதுதானே மாமா?"

"அடைச்சதுதான்."

மேற்கொண்டு கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மிதித்தாள். ஒரே மிதி. ஜோவி டெம்போ ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். புகை கலைய நேரம் ஆனது. கேட்டைச் சாத்திவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

விலை இருநூற்று நாற்பது ரூபாய், ரொக்கம், வாங்கிக்கொண்டேன். ஆயுள் கேரண்டி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வண்டியை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும், ஜோவியும் கூட வர வேண்டும். வராவிட்டால் ஸ்பேர் பெட்டியை எடுத்துக்கொண்டு நான் அங்கே போவேன், பஸ் செலவு அவளுடையது.